புல்டாக் வாங்கி ஏமாந்தவர் வழக்குப் போடலாமா?

கேள்வி: மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். என்னோடு ஒரே தோட்ட லயத்தில் வளர்ந்த அண்ணன் ஒருவரிடம் 6,500 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இங்கிலீஷ் புல்டாக் பெட்டை நாய் ஒன்று வாங்கினேன். இரண்டு வயது, இதுவரை குட்டி போட்டதில்லை என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பினார். அவருடைய ஆண் நாயோடுதான் சேர்த்தோம். பிரசவ ஆபரேஷனுக்கு ஈப்போவில் கொண்டுபோனபோது, வயிற்று மயிரை மழித்ததும் டாக்டர் பழைய தையல் தழும்பைக் காட்டினார். உள்ளே கர்ப்பப்பை ஒட்டிப்போயிருந்ததால் எடுத்துவிட்டார்கள். ஐந்தில் மூன்று குட்டி பிழைத்தது. செலவு 3,900 வெள்ளி. இரண்டு குட்டிகளைத் தலா 4,000க்கு விற்றேன். எம்.கே.ஏ. (மலேசிய கென்னல் சங்கம்) பதிவுப் பேப்பரையும் அண்ணன் இன்னும் என் பெயருக்கு மாற்றித் தரவில்லை. என் வீட்டில் சாப்பிட்டவர், கோயிலில் என்னோடு தீமிதித்தவர் இப்படிச் செய்துவிட்டார். நாயின் விலை, ஆபரேஷன் செலவு, இனிப் போட்டிருக்கக்கூடிய குட்டிகளின் வருமானம் 40,000, ஆக மொத்தம் 50,400 வெள்ளி கேட்டு வழக்குப் போட விரும்புகிறேன். வெளிநாட்டிலிருந்து ஓர் ஆண் நாயை இறக்கவும் யோசனை.

பதில்:

லயத்து நட்பு, வீட்டுச் சாப்பாடு, தீமிதி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். வழக்குப் பாரத்தில் அவற்றுக்குக் கட்டம் கிடையாது. சட்டத்துக்கு உங்களிடமிருந்து வேண்டியது ஒரே பதில்தான். இந்த நாயை வளர்க்க வாங்கினீர்களா, குட்டி போட்டு விற்க வாங்கினீர்களா? எந்த வாசலில் ஏறலாம், எவ்வளவு கேட்கலாம், கேட்கப் போய் நீங்களே மாட்டுவீர்களா என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

அவர் சொன்னது பொய் என்றால் உங்களுக்கு வழக்கு உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் 1950, பிரிவு 17, 18 இதற்காகவே இருக்கின்றன. குரல் பதிவு உள்ள போனை மாற்றாதீர்கள், விற்காதீர்கள். தழும்பைப் பற்றி டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள். ஆனால் வாங்கியதையே ரத்து செய்து 6,500ஐயும் திரும்பக் கேட்பது நடக்காது. ரத்து என்றால் வாங்கிய பொருளை வாங்கிய நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். கர்ப்பப்பை போன நாயை, குட்டியையும் விற்ற பிறகு, எப்படித் திருப்புவீர்கள்? மிஞ்சுவது நட்ட ஈடு மட்டும்.

நட்ட ஈட்டிலும் உங்கள் கணக்கு நிற்காது. புல்டாக் தலையும் தோளும் பெரிது, இடுப்பு ஒடுக்கம். பெரும்பாலான பெட்டைகளுக்கு ஆபரேஷன் செய்துதான் குட்டியை எடுக்கிறார்கள். ஆகவே 3,900இல் பெரும்பகுதி பொய் சொல்லாமல் விற்றிருந்தாலும் உங்களுக்கு ஆகியிருக்கக்கூடிய செலவுதான் என்று எதிர்த்தரப்பு வாதாடும், அது எடுபடவும் செய்யும். உங்கள் கையில் நிற்பது கர்ப்பப்பையை எடுத்ததற்கான கூடுதல் செலவும், "முதல் பிரசவம்" என்று நம்பிக் கொடுத்த விலைக்கும் உண்மை மதிப்புக்கும் உள்ள வித்தியாசமும்தான். அந்த வித்தியாசம் சின்னதும் இல்லை. இங்கிலாந்தின் கென்னல் கிளப், இரண்டு முறை ஆபரேஷன் ஆன பெட்டையின் அடுத்த குட்டிகளை 2012 முதல் பதிவே செய்வதில்லை. ஒரு தழும்பு ஏற்கெனவே இருந்தது என்றால், நீங்கள் வாங்கிய நாய்க்கு இன்னும் ஒரு பிரசவம்தான் நியாயமாக மீதி இருந்தது. இரண்டையும் கூட்டினால் மூவாயிரம், நாலாயிரம் வெள்ளி வரும் என்பது என் கணிப்பு.

இனி நான் உண்மையில் பயப்படும் விஷயம், அந்த 40,000.

பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். உங்கள் கணக்கு 400 வெள்ளி கூடுகிறது, அதை விட்டுக்கொடுத்தால் போயிற்று. ஆனால் அந்த வாசல் பயனீட்டாளருக்கு, அதாவது சொந்த உபயோகத்துக்கு வாங்கியவருக்கு. "வருமானம் போச்சு" என்று எழுதிய அந்த நிமிடமே, வியாபாரத்துக்கு வாங்கினேன் என்று நீங்களே கையெழுத்துப் போட்டுவிட்டீர்கள். எதிர்த்தரப்பு முதலில் பிடிக்கப்போவது அதைத்தான்.

"அப்படியானால் வளர்க்கத்தான் வாங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்" என்று கிளம்பாதீர்கள். நோய்ப்பட்ட பெர்ஷியன் பூனையை விற்றுவிட்டார்கள் என்று என்னிடம் வந்த ஒருவர் அப்படித்தான் போனார். எதிராளி போனைத் திறந்து, இவர் முந்தைய குட்டிகளுக்குப் போட்ட விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். அதற்குப் பிறகு நோயைப் பற்றி யாரும் பேசவில்லை. பொய் சொன்னவர் என்று எதிராளியை நிறுத்தப் போனவர், தானே அந்த இடத்தில் நின்றார். உங்கள் குட்டி விளம்பரமும் யாராவது ஒருவர் போனில் இருக்கத்தான் செய்யும்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போனாலும் இதே முள் குத்தும். விலங்கு நலச் சட்டம் 2015இன்படி, விற்பனைக்காக நாய் இனப்பெருக்கம் செய்ய கால்நடை சேவைத் துறையின் லைசென்ஸ் வேண்டும். "ஒரே ஒரு ஈற்றுதானே, சும்மா சின்ன அளவில்" என்று எல்லாரும் சொல்வார்கள். நாய் ஒன்றாக இருந்தாலும், விலை போட்டு விளம்பரம் செய்தால் அது வியாபாரம் என்றே எடுத்துக்கொள்ளப்படலாம். உங்களிடம் லைசென்ஸ் இருப்பதாகக் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. லைசென்ஸ் இல்லாத தொழிலின் எதிர்கால லாபத்தை எந்த நீதிமன்றமும் எடுத்துக் கொடுக்காது. அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. தாக்கல் செய்த ஆவணத்தின் நகல் உங்கள் அண்ணன் கைக்குப் போகும். அதை அவர் அப்படியே துறைக்கு எடுத்துப்போனால், புகாருக்கு வேண்டிய வாக்குமூலத்தை நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகும். அதிகாரிகள் வீட்டுக்கு வந்தால் லைசென்ஸை மட்டும் பார்த்துவிட்டுப் போக மாட்டார்கள். நாயின் மூச்சு, தோல் மடிப்பில் புண், மத்தியான வெயிலில் எங்கே கட்டுகிறீர்கள், எல்லாவற்றையும் பார்ப்பார்கள். புல்டாக் மூக்கு சப்பை, நம் வெயிலில் சீக்கிரம் மூச்சு வாங்கிவிடும். கொடுமை என்ற பிரிவில் விழுந்தால் குறைந்தபட்ச அபராதமே 20,000 வெள்ளி. தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் எத்தனை நாய் வைக்கலாம் என்று நகராண்மைக் கழகத்துக்குத் தனி விதி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. விற்ற இரண்டு குட்டிகளுக்கு என்ன சொல்லி விற்றீர்கள்? "எம்.கே.ஏ. பேப்பரோடு" என்று விளம்பரம் போட்டிருந்தால் நிலைமை மோசம். தாய் நாய் யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவர் ஒத்துழைக்காமல் குட்டிகளுக்குப் பேப்பர் ஓடாது. இல்லாத பேப்பரை இருப்பதாகச் சொல்லி விற்றால், அண்ணன் உங்களுக்குச் செய்ததையே நீங்கள் வேறு இரண்டு பேருக்குச் செய்திருக்கிறீர்கள். வணிக விவரிப்புச் சட்டம் 2011இன்படி அது குற்றம், உள்நாட்டு வாணிப அமைச்சு நடவடிக்கை எடுக்கலாம். அந்த இரண்டு பேரும் இன்னும் சும்மா இருக்கிறார்கள் என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். வழக்கு ஊருக்குத் தெரிந்தால் சும்மா இருப்பார்களா?

ஆகவே என் ஆலோசனை: சமரசமாகப் போங்கள். நியாயம் அவர் பக்கம் என்பதால் சொல்லவில்லை. ஜெயித்தால் கிடைப்பது நாலாயிரம், ஆனால் அதற்குப் பந்தயமாக வைப்பது அதைவிடப் பல மடங்கு.

பேசும்போது முதலில் பேப்பரைக் கேளுங்கள், பணத்தைப் பிறகு. தாய் நாயின் உரிமை மாற்றத்துக்கும் மூன்று குட்டிகளின் பதிவுக்கும் அவர் கையெழுத்துப் போட வேண்டும். அவருக்கு ஒரு காசும் செலவில்லாத விஷயம், உங்களுக்கோ இரண்டு வாங்குபவர்களின் வாயை அடைக்கும் விஷயம். பணத்தில் 3,500 கேட்டு 2,500க்கு இறங்கத் தயாராக இருங்கள். எழுதும் கடிதங்களில் "உரிமைகளுக்குப் பாதகமின்றி" என்று மேலே போடுங்கள், சமரசம் முறிந்தால் அவற்றை நீதிமன்றத்தில் உங்களுக்கு எதிராகக் காட்ட முடியாது. வாட்ஸ்அப்பில் பேரம் பேசாதீர்கள், அதுவும் ராத்திரியில். ஃபேஸ்புக்கில் அவர் படத்தோடு ஏதாவது போட்டிருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள், அவதூறு வழக்கு வேறு வேண்டாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை, நண்பர்கள் நிச்சயம் தவறாகச் சொல்லிக்கொடுப்பார்கள். "அவனும் லைசென்ஸ் இல்லாமல்தான் விற்றான், பணம் தராவிட்டால் துறைக்குப் போட்டுக்கொடுப்பேன் என்று சொல்லு" என்பார்கள். சொல்லாதீர்கள். பணம் கேட்டு அப்படி மிரட்டினால் அது பணம் பறிப்பு என்று போலீஸ் ரிப்போர்ட் ஆகிவிடும். சமரசப் பத்திரத்திலும் "ஒருவர் மேல் ஒருவர் புகார் செய்யமாட்டோம்" என்று எழுதாதீர்கள். குற்ற நடவடிக்கையைப் பணத்துக்காக அடக்கிவைக்கும் ஒப்பந்தம், ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 24இன்படி செல்லாது. அந்த ஒரு வரி மற்ற வரிகளையும் இழுத்துக்கொண்டு போகலாம். நாய் விற்பனை தொடர்பான பணக் கோரிக்கைகள் இதோடு முடிகின்றன என்று மட்டும் இருக்கட்டும். இரண்டு பக்கத் தாள், கையெழுத்து, முத்திரை வரி, போதும்.

அவர் அசையவே மாட்டார் என்றால், 5,000 வெள்ளிக்கு உட்பட்ட சிறு வழக்கு நடைமுறை இருக்கிறது. அப்போதும் விலை வித்தியாசத்தையும் கூடுதல் ஆபரேஷன் செலவையும் மட்டும் கேளுங்கள். 40,000 என்ற எண் எந்தத் தாளிலும் வரக்கூடாது. எத்தனை குட்டி விற்றாய் என்று கேட்டால் மறைக்காமல் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், அதற்கும் துணிந்துதான் போக வேண்டும்.

ஆண் நாய் இறக்குவது பற்றி: பெட்டைக்கு இனிக் குட்டி கிடையாது, ஆண் நாய் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், இங்கிலீஷ் புல்டாக் என்றால் இறக்குமதி பெர்மிட் எடுத்து வரலாம். அமெரிக்கன் புல்டாக் தடைப் பட்டியலில் இருக்கிறது, விற்பவர் "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார், நம்ப வேண்டாம். தொழிலாகச் செய்ய ஆசை என்றால் முதலில் லைசென்ஸ், அப்புறம் நாய். அடுத்த பெட்டையை வாங்கும் முன் உங்கள் டாக்டரிடமே காட்டி, வயிற்றை மழித்துப் பார்த்து, ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமே என்று அதே சட்டத்தின் பிரிவு 19இன்படி எதிராளி தப்பிக்க ஒரு வழி இருக்கிறது, உங்கள் வழக்கிலும் அதைக் கிளப்புவார்.

பேப்பர் கைக்கு வரும்வரை மூன்றாவது குட்டியை விற்காதீர்கள். கேட்டு வருகிறவரிடம் முன்பணமும் வாங்காதீர்கள்.