கஸ்டடி வழக்கும் மூடிய கதவும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: எங்கள் குழந்தையின் கஸ்டடி வழக்கு ‘இன் கேமரா’வாக நடக்கும் என்கிறார்கள். வீடியோ எடுப்பார்களா?

பதில்: நேர் எதிர். இலத்தீனில் கேமரா என்றால் அறை. வெளியாள் யாரும் இல்லாமல் அறைக்குள் விசாரிப்பார்கள், அவ்வளவுதான். இந்தியாவின் 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, இரு தரப்பில் ஒருவர் கேட்டாலே அப்படித்தான் நடத்தியாக வேண்டும்.

கேள்வி: கதவைச் சாத்திக்கொண்டால் நீதிபதி செய்யும் தவறு யாருக்குத் தெரியும்?

பதில்: எனக்கும் இந்த மனக்குறை உண்டு. விசாரணை எல்லோர் முன்னிலையிலும் நடக்க வேண்டும் என்று அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1913-இலேயே ஸ்காட் வழக்கில் அடித்துச் சொன்னது. ஆனால் நீதிமன்றத்தின் பாதுகாப்பில் உள்ள குழந்தைகள் பற்றிய வழக்குகளுக்கு அதே தீர்ப்பில் விலக்கும் கொடுத்தது. குழந்தையைக் காக்கப் போட்ட திரை, நாளடைவில் பெரியவர்களின் தவறுகளையும் சேர்த்து மறைத்தது என்பது என் கருத்து. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2009-இல் நிருபர்களைக் குடும்ப நீதிமன்றத்துக்குள் விட்டார்கள். உட்காரலாம், கேட்கலாம், கேட்டதை எழுதத்தான் முடியாது! 2023 ஜனவரியில் லீட்ஸ், கார்டிஃப், கார்லைல் நகரங்களில் சோதனையாக ஒரு மாற்றம் வந்தது. குடும்பத்தின் அடையாளம் தெரியாதபடி, நீதிபதி போடும் உத்தரவுக்கு உட்பட்டு நிருபர் எழுதலாம். 2025 ஜனவரியிலிருந்து அதை மற்ற நீதிமன்றங்களுக்கும் விரிவாக்கினார்கள். இந்த வழிதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கேள்வி: குழந்தையின் பெயரைப் போடாமல் என் கதையை முகநூலில் எழுதலாமா?

பதில்: பதிவு உங்கள் பெயரில்தானே வரும்? அப்புறம் குழந்தையின் பெயர் எதற்கு! செய்திகளிலும் இதே சிக்கல்தான். ஒரு பத்திரிகை ஊரைச் சொல்லும், இன்னொன்று அப்பாவின் வேலையை, மூன்றாவது குழந்தையின் வயதை. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமில்லை. சேர்த்து வைத்தால் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிடும். இதைத்தான் ‘ஜிக்சா அடையாளம்’ என்கிறார்கள். இங்கிலாந்தில் இப்படி எழுதுவது நீதிமன்ற அவமதிப்பு வரை போகலாம். இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில் 22-ஆவது பிரிவு, அந்தச் சட்டப்படி நடக்கும் வழக்கின் விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் அபராதம் 1,000 ரூபாய் வரைதான். தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். உங்கள் பதிவின் ஸ்கிரீன்ஷாட் எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் இருக்கும். குழந்தையைத் தெருவுக்கு இழுத்தவர் என்று அவர் வாதாடுவார்.

கேள்வி: நாங்கள் தாத்தா, பாட்டி. வழக்கில் எங்கள் பெயரே இல்லை. டிவிக்குப் பேட்டி கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். நான் சொன்ன பிரிவு ‘எந்த நபரும்’ வெளியிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. கணவன், மனைவியை மட்டும் அல்ல. முகத்தை மங்கலாக்கிவிடுகிறோம் என்பார் சேனல்காரர். உங்கள் குரல் பேரனின் நண்பர்களுக்குத் தெரியாதா?