மிதவைக்குப் பக்கத்தில் டேக் அடித்தால் வழியுரிமை யாருக்கு?

கேள்வி: பாய்மரப் படகுப் பந்தயத்துக்குப் புதியவன். ஒற்றை ஆள் படகு ஓட்டுகிறேன். காற்றை எதிர்த்து ஏறி, முதல் மிதவையை இடப்பக்கம் விட்டுத் திரும்ப வேண்டிய பந்தயம் அது. போர்ட் டேக்கில் (காற்று இடப்பக்கத்திலிருந்து வரும்படி) நெருங்கி, மிதவைக்கு இரண்டு படகு நீளம் இருக்கும்போது டேக் அடித்து, அதாவது படகின் மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே திருப்பி, காற்று வலப்பக்கத்திலிருந்து வரும் ஸ்டார்போர்டு டேக்குக்கு மாறினேன். இன்னொரு டேக் இல்லாமலே மிதவையைச் சுற்றும் அளவுக்குக் காற்றை நோக்கி ஏறியிருந்தேன். எனக்குப் பின்னால் ஸ்டார்போர்டில் வந்த படகு, என்மேல் மோதாமலிருக்கக் காற்றை நோக்கித் திருப்பி ஒதுங்கியது. 'ப்ரொடெஸ்ட்' (விதிமீறல் புகார்) என்று கத்தினார்கள். டேக்கை முடித்துவிட்டேன், இருவரும் ஒரே டேக், நான்தான் முன்னால். வழியுரிமை எனக்குத்தானே?

பதில்: டேக் முடிந்த நொடியிலிருந்து வழியுரிமை உங்களுக்குத்தான். ஆனாலும் நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், விதியை மீறியவரும் நீங்கள்தான். இந்த இரண்டும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதைத்தான் புதியவர்கள் பலரும் கவனிப்பதில்லை.

பந்தய விதிகளை வேர்ல்டு செய்லிங் அமைப்பு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தி வெளியிடுகிறது. இப்போது நடைமுறையில் இருப்பது 2025–2028 பதிப்பு. படகுகள் சந்திக்கும்போது என்ன செய்வது என்பது அதன் இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதில் யார் ஒதுங்க வேண்டும் என்று சொல்லும் அடிப்படை விதிகள் நான்கு, 10 முதல் 13 வரை. எதிரெதிர் டேக்கில் வந்தால் போர்ட் படகு ஒதுங்க வேண்டும். ஒரே டேக்கில் பக்கம் பக்கமாக ஓடினால், காற்று முதலில் தொடுகிற விண்ட்வர்ட் படகு ஒதுங்க வேண்டும். ஒரே டேக்கில் முன்பின்னாக வந்தால் பின்னால் வருபவர் ஒதுங்க வேண்டும். டேக் அடிக்கும் படகு, மூக்கு காற்றுக்கு நேராக வந்து அதைத் தாண்டிய கணம் முதல் க்ளோஸ்-ஹால்ட் திசைக்கு (காற்றை நோக்கி முடிந்தவரை நெருங்கி ஓடும் திசைக்கு) இறங்கும்வரை மற்ற எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும். பாய் நிரம்பிவிட்டதா என்பது கணக்கில்லை, படகின் திசைதான் கணக்கு.

எந்த டேக் என்பதில் குழப்பம் வந்தால் பூமை, அதாவது பெரிய பாயின் அடியில் இருக்கும் கட்டையைப் பாருங்கள். பூம் இடப்பக்கம் இருந்தால் காற்று வலப்பக்கத்திலிருந்து வருகிறது, நீங்கள் ஸ்டார்போர்டு டேக்.

இதுவரை நீங்கள் சொன்னது சரி. டேக்கை முடித்தீர்கள், முன்னால் இருந்தீர்கள், 12ஆம் விதிப்படி பின்னால் வந்தவர்தான் ஒதுங்க வேண்டும். ஆனால் வழியுரிமை உள்ள படகுக்கும் கடிவாளம் போட அடுத்த சில விதிகள் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் 15ஆம் விதி முக்கியம். உங்கள் சொந்தச் செயலால் புதிதாக வழியுரிமை பெற்றால், தொடக்கத்தில் மற்றவர் ஒதுங்குவதற்கு இடம் தர வேண்டும். நீங்கள் டேக் முடிக்கும்வரை அவர் எதுவும் செய்ய வேண்டியதில்லை, நீங்கள் திரும்பப்போவதை முன்கூட்டியே ஊகித்து விலக வேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. டேக் முடிந்த பிறகு அவர் சுக்கானைத் திருப்பத் தொடங்கினாலும் மோதாமல் தப்ப முடிகிறதா? முடிந்தால் இந்த விதி மீறப்படவில்லை. அவருடைய மூக்கு உங்கள் பின்புறத்துக்கு ஒரு கை தூரத்தில் இருக்கும்போது டேக்கை முடித்துவிட்டு 'ஒதுங்கு' என்றால், அது செல்லாது.

திறந்த நீரில் என்றால் பேச்சு இதோடு முடிந்திருக்கும். ஆனால் நீங்கள் டேக் அடித்தது மிதவையைச் சுற்றியுள்ள வட்டத்துக்குள். மிதவையிலிருந்து மூன்று படகு நீளம் வரை உள்ள பகுதி அது. நீங்கள் ஓட்டுவது 4.2 மீட்டர் படகு என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட 12.6 மீட்டர். சிறுவர்கள் ஓட்டும் 2.3 மீட்டர் ஆப்டிமிஸ்ட் படகுக்கு 7 மீட்டர்கூட இல்லை. இந்த வட்டத்துக்குள் போர்ட்டிலிருந்து ஸ்டார்போர்டுக்கு மாறுபவருக்கென்றே 18.3 என்றொரு விதி இருக்கிறது. இடப்பக்கம் விட வேண்டிய மிதவை, வட்டத்துக்குள் டேக், அப்புறம் இன்னொரு டேக் இல்லாமலே மிதவையைச் சுற்ற முடிகிற நிலை: மூன்றும் உங்களுக்குப் பொருந்துகின்றன. அப்படியானால், வட்டத்துக்குள் நுழைந்ததிலிருந்தே ஸ்டார்போர்டில் வரும் படகு, உங்கள்மேல் மோதாமலிருக்கத் தன் க்ளோஸ்-ஹால்ட் திசையைவிடக் காற்றை நோக்கி மேலே ஏற வேண்டிய நிலையை நீங்கள் உண்டாக்கக் கூடாது. அவர் ஏறித்தான் தப்பினார் என்கிறீர்கள். நீங்கள் முன்னால் இருந்தது இங்கே உதவாது. போதாததற்கு, அந்தப் படகு உங்களுக்கும் மிதவைக்கும் நடுவே உள்பக்கமாக வந்து சேர்ந்துகொண்டால், அது மிதவையைச் சுற்றவும் நீங்கள் இடம் விட வேண்டும்.

ஒரு விஷயத்தை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அந்தப் படகும் வட்டத்துக்குள் வந்த பிறகுதான் ஸ்டார்போர்டுக்கு மாறியதா? அப்படியென்றால் 18.3 பொருந்தாது. முன்பு சொன்ன டேக் விதியும் 15ஆம் விதியும் வைத்துத்தான் பார்க்க வேண்டும், நீங்கள் தப்பவும் வாய்ப்பு உண்டு.

இந்த விதி கடுமையாகத் தெரியலாம். ஆனால் இது அவசியம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மிதவைக்கு முன்னால் ஸ்டார்போர்டில் பத்துப் படகு வரிசையாக வரும்போது, வரிசையின் தலைமாட்டில் ஒருவர் நுழைந்து டேக் அடித்து நின்றால் பின்னால் வருகிற அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் ஏறுவார்கள். ஆள் காயப்படுவது இப்படித்தான்.

சரி, அடுத்த முறை என்ன செய்யலாம்? டேக்கை வட்டத்துக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாறு படகு நீளம் தள்ளி அடித்தால் நிம்மதி. வரிசையில் இடம் இல்லையென்றால் பின்னால் புகுந்து போங்கள். எதிரே வரும் படகின் முன்னால் கடந்துவிட முடியுமா என்று பார்க்க, அதற்குப் பின்னால் தெரியும் கரையைக் கவனியுங்கள். கரையோடு ஒப்பிட்டால் அந்தப் படகு பின்வாங்குவதுபோல் தெரிந்தால் நீங்கள் முன்னால் கடப்பீர்கள். முன்னேறுவதுபோல் தெரிந்தால் அது உங்கள் முன்னால் கடக்கும். நகராமல் அப்படியே நின்றால் மோதல்தான். சந்தேகம் என்றால் சீக்கிரமே பெரிய பாயின் கயிற்றைத் தளர்த்திக் காற்றிலிருந்து கொஞ்சம் விலகிக் கீழே இறங்கி, வேகத்தோடு அதன் பின்புறத்தை உரசாமல் கடந்து மீண்டும் மேலே ஏறுங்கள். கடைசி நேரத்தில் சுக்கானை வெட்டித் திருப்பினால் படகு நின்றுவிடும், இழப்பு இரட்டிப்பு.

எதிர்ப்பக்கத்து நியாயமும் தெரிந்திருக்க வேண்டும். நாளை நீங்களே ஸ்டார்போர்டில் வரும்போது 'ஸ்டார்போர்டு!' என்று கத்த வேண்டும் என்று விதி சொல்லவில்லை, ஆனால் கத்துவது நல்ல பழக்கம். போர்ட் படகு உங்கள் பின்னால் போகத் திருப்பிவிட்ட பிறகு வேண்டுமென்றே அதன் பாதையில் இறங்கித் துரத்தக் கூடாது. வழியுரிமை உங்களுக்கு இருந்தாலும், முடிந்தவரை மோதலைத் தவிர்க்க வேண்டும் என்பது 14ஆம் விதி. மற்றவர் ஒதுங்கவில்லை என்று தெளிவாகும்வரை நீங்கள் காத்திருக்கலாம், அதற்கப்புறமும் நேராகப் போய் இடித்துச் சேதமோ காயமோ ஆனால் உங்களுக்கும் தண்டனை உண்டு.

ப்ரொடெஸ்ட்டைப் பொறுத்தவரை, தவறு உங்களுடையது என்று தெரிந்தால் கூட்டத்தை விட்டு உடனே விலகி, ஒரே திசையில் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். அதில் இரண்டு டேக், இரண்டு ஜைப் (படகின் பின்புறம் காற்றைக் கடக்கும் திருப்பம்) இருக்க வேண்டும். பந்தய அறிவிப்பில் வேறு தண்டனை சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். சுற்றிவிட்டுத் தொடர்ந்து ஓடினால் சில இடங்கள்தான் போகும். சுற்றாமல் வந்து விசாரணையில் தோற்றால் அந்தப் பந்தயத்திலிருந்தே தகுதி நீக்கம்.