மார்கழிக் கச்சேரிக்கு ‘பேக்கேஜ்’ வாங்க வேண்டுமா?

கேள்வி: நாங்கள் தென்காசியில் இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது, ஓய்வு பெற்ற ஆசிரியர். வானொலியில் கச்சேரி கேட்டே வளர்ந்தவர், ஆனால் கச்சேரி நடத்தும் சென்னை சபா எதற்குள்ளும் போனதில்லை. டிசம்பர் கடைசி வாரத்தில் அப்பா, அம்மாவை ஐந்து நாள் அழைத்து வருகிறேன். வாட்ஸ்அப்பில் ஒருவர் ஆறு கச்சேரி, கேன்டீன் சாப்பாடு, கார் எல்லாம் சேர்த்துத் தலைக்கு 9,000 ரூபாய், பாதி முன்பணம் என்கிறார். அப்பாவுக்கு முழங்கால் வலி உண்டு. பணம் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். அவர் விற்பதில் பெரும்பகுதி யாருக்கும் இலவசமாகக் கிடைப்பது. மீதியை நீங்களே சபா கவுன்ட்டரில் வாங்கிவிடலாம்.

முதலில் இலவசம் எது என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான சபாக்களில் காலையிலும் மதியமும் நடக்கும் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. நேராக உள்ளே போய் உட்கார வேண்டியதுதான். மதியம் பாடுகிறவர்கள் இளைஞர்கள் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள், அது பெரிய தவறு. இன்று மாலை நேரத்தில் அரங்கை நிறைக்கும் வித்வான்களில் பெரும்பாலோர் ஒரு காலத்தில் இந்த மதிய வரிசையில் பாடி ஏறி வந்தவர்கள்தான். கூட்டமும் குறைவாக இருக்கும். உங்கள் அப்பா முன்வரிசைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரலைப் பார்க்கலாம். வானொலியில் கேட்டவருக்கு அதுதானே புதுசு?

மியூசிக் அகாடமியில் காலை 8 மணி வாக்கில் நடக்கும் விளக்கவுரை நிகழ்ச்சிகளும் இலவசம். மயிலாப்பூர் பாரதிய வித்யா பவனிலும் லஸ் அவென்யூ ராக சுதா அரங்கத்திலும் நடப்பவற்றில் பெரும்பாலானவை இலவசம்தான். பாரிமுனை பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் கடைசியில் நடக்கும். 1943இல் தொடங்கிய சங்கம் அது. அங்கே பாடுவது முழுக்கத் தமிழ்ப் பாட்டு. ஆசிரியராக இருந்தவர் ஒவ்வொரு வரிக்கும் பொருள் புரிந்து கேட்கட்டும், ஒரு நாளாவது அழைத்துப் போங்கள். உயர் நீதிமன்றம் மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மதியக் கச்சேரி இலவசம் என்பதால் உட்கார்ந்த இருக்கை மாலை வரை உங்களுடையது ஆகாது. 4 மணிக் கச்சேரி டிக்கெட் கச்சேரி என்றால், அதற்கு முன் அரங்கைக் காலி செய்யச் சொல்வார்கள், அல்லது தொண்டர்கள் வரிசை வரிசையாக டிக்கெட் கேட்டு வருவார்கள். என் அம்மாவை ஒரு சபாவில் அப்படித்தான் எழுப்பி விட்டார்கள். கைப்பையையும் சால்வையையும் எடுத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னால் எழுந்து வந்தவர், அந்த வருஷம் முழுக்க வேறு சபாவுக்கே வரமாட்டேன் என்றுவிட்டார். மதியக் கச்சேரி மங்களம் பாடி முடிந்ததும் நீங்களாகவே எழுந்து வந்துவிடுங்கள். இன்னொன்று, சொந்த அரங்கம் இல்லாத சபாக்கள் மற்றவர்கள் அரங்கத்தை வாடகைக்கு எடுக்கும். ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு சபா, மாலையில் வேறு சபா. காலையில் இலவசம் என்றவர்கள் மாலையில் 500 ரூபாய் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட வேண்டாம், ஆள் வேறு. அதேபோல ஒரு சபாவின் டிக்கெட் அதே அரங்கத்தில் மற்ற சபாவுக்குச் செல்லாது. அரங்கத்தின் பெயரைப் பார்க்காமல் நடத்துகிற சபாவின் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

டிக்கெட் கச்சேரி ஒன்றே ஒன்று போதும். அப்பாவுக்குப் பிடித்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள், அன்றைக்கு வேறு எங்கும் போகாதீர்கள். விழா முழுதுக்குமான சீசன் டிக்கெட் போக மிஞ்சியதைப் பல சபாக்கள் தினசரி டிக்கெட்டாக விற்கும். ஒரு டிக்கெட் மாலை இரண்டு கச்சேரிக்கும் செல்லுமா, ஒன்றுக்கு மட்டுமா என்று கவுன்ட்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அந்த வாட்ஸ்அப் ஆள் உங்களை மாட்டிவிடுவார். பெரிய அரங்குகளில் விலை குறைந்த டிக்கெட் பெரும்பாலும் பால்கனி. பால்கனி என்றால் படி. பேக்கேஜ் போடுகிறவர் அதை வாங்கிவிட்டு உங்களிடம் கீழ்த்தள விலை வாங்கலாம். முழங்கால் வலிக்காரர் வாசலுக்கு வந்த பிறகுதான் விஷயம் தெரியும். சிலர் நன்கொடையாளர் பாஸைக் கைமாற்றி விற்கிறார்கள். அதில் வேறொருவர் பெயர் இருக்கும், வாசலில் நிறுத்தினால் உங்களுக்காகப் பேச ஆள் இருக்காது. டிக்கெட்டில் இருக்கை எண்ணும் தளமும் எழுதியிருப்பதைப் பார்க்காமல் யாருக்கும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

இந்த ஆட்கள் முளைப்பதற்குச் சபாக்களும்தான் காரணம். சக்கர நாற்காலி போகும் வழி எது, கழிப்பறை எந்தத் தளத்தில், இன்று கவுன்ட்டரில் எத்தனை டிக்கெட் மிச்சம் என்று ஒரு பலகை எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்? முன்வரிசைகள் புரவலர்களுக்கு என்று காலியாகக் கிடக்க, பின்னால் எழுபது வயதுக்காரர்கள் சுவரில் சாய்ந்து நின்று முழு பல்லவியையும் கேட்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன். முதல் பாட்டு முடிந்ததும் வராதவர்களின் இருக்கையை நிற்பவர்களுக்குக் கொடுத்தால் என்ன? எத்தனை முறை எழுதியும் யார் காதிலும் ஏறவில்லை.

சாப்பாட்டுக்கு யாருக்கும் தனியாகப் பணம் கட்டத் தேவையே இல்லை. சபா கேன்டீனுக்குள் போக டிக்கெட் வேண்டாம். காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். இலைச் சாப்பாடு வேண்டுமென்றால் 12 மணிக்கு முன்னால் போங்கள், அதற்கப்புறம் நிற்க வேண்டியிருக்கும். மாலையில் கீரை வடை, அசோகா அல்வா, காபி. ஒரு நாள் காலை கேன்டீனை விட்டுவிட்டு மயிலாப்பூர் அருண்டேல் தெரு ராயர் மெஸ்ஸில் இட்லி, பொங்கல் சாப்பிடலாம்.

அந்த நாளைக் கபாலீசுவரர் கோயிலோடு சேர்த்துக்கொள்ளுங்கள். மார்கழி விடியற்காலையில் மாட வீதிகளில் பஜனை கோஷ்டி பாடிக்கொண்டு போகும். பாட்டுகள் இயற்றிய பாபநாசம் சிவன் நடந்து பாடிய வீதிகள் அவை. அப்பா கூடவே நடக்க வேண்டாம், ஒரு திண்ணையிலோ கடைப்படியிலோ உட்கார்ந்திருந்தால் பாட்டு தானாக அவரிடம் வரும். மெட்ரோ வேலைக்காக அந்தப் பக்கம் சில ஆண்டுகளாகவே தோண்டிப் போட்டிருக்கிறார்கள், ஆட்டோ எங்கே நிற்கும் என்பதை முதல் நாளே பார்த்து வையுங்கள்.

கச்சேரி இல்லாத ஒரு காலைப்பொழுது எழும்பூர் அருங்காட்சியகத்தின் வெண்கலச் சிலைக் கூடத்துக்குப் போங்கள். சோழர் கால நடராசரின் எதிரில் அம்மாவுக்கு நேரம் போவதே தெரியாது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரிக்கு மேல் வேண்டாம். சால்வையும் வெந்நீர் ஃபிளாஸ்க்கும் கட்டாயம், ஏசியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் முழங்கால் பிடித்துக்கொள்ளும். இருக்கை கேட்கும்போது நடைபாதை ஓரத்து இருக்கையாகக் கேளுங்கள், அப்பா காலை நீட்டிக்கொள்ளலாம்.