விட்ட நாளும் மறுநாளும்

வணக்கம் அம்மா,

எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். அதிகாலை ஐந்து மணிக்கு எழுவது, நடைப்பயிற்சி, மூச்சுப் பயிற்சி, பத்துப் பக்கம் வாசிப்பு, இரவில் நாட்குறிப்பு என ஐந்து நல்ல பழக்கங்களை இந்த ஆண்டு தொடங்கி, கைப்பேசியில் ஒரு செயலியில் பதிந்துவந்தேன். ஒரு மண்டலம் விடாமல் செய்தால் நிலைத்துவிடும் என்றார் ஒரு நண்பர். 21 நாளே போதும் என்றார் இன்னொருவர். 33 நாட்கள் சரியாகச் செய்தேன். அப்போது மகளுக்குக் காய்ச்சல் கண்டு, மூன்று நாட்கள் மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. வீடு திரும்பிப் பார்த்தபோது செயலியில் கணக்கு பூஜ்யத்தில் நின்றது. மனம் விட்டுப்போய் ஐந்தையும் நிறுத்திவிட்டேன். எனக்கு மன உறுதி போதவில்லை என்று நினைக்கிறேன். ஒரு பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும்? காலை நல்லதா, இரவு நல்லதா? ஐந்தையும் சேர்த்துத் தொடங்கலாமா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

மகள் தேறிவிட்டாளா என்பதை முதலில் எழுதியிருக்க வேண்டும். செயலியின் பூஜ்யத்தைச் சொல்ல நினைவிருந்த உங்களுக்குக் குழந்தையின் காய்ச்சல் இறங்கியதா என்று சொல்ல நினைவில்லாமல் போனதுதான் இக்கடிதத்தில் என்னை வருத்திய இடம். மூன்று நாட்கள் மருத்துவமனையில் குழந்தையோடு இருந்த ஒரு தகப்பன், வீடு திரும்பியதும் தனக்கு மன உறுதி இல்லை என்று எழுதுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த மூன்று இரவுகளில் நீங்கள் பத்துப் பக்கம் படித்து முடித்திருந்தால்தான் உங்களைப் பற்றி எனக்குக் கவலை வந்திருக்கும்.

காலையா இரவா என்பது உங்கள் உடம்பும் வேலை நேரமும் முடிவு செய்ய வேண்டியது. அதில் நான் சொல்ல ஒன்றுமில்லை. ஐந்து மணிக்கு நீங்கள் நடக்கக் கிளம்பும்போது வீட்டில் வேறு யார் எழுந்து என்ன வேலை செய்துகொண்டிருக்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும் என்பதால் இப்போது விடுகிறேன். 21 நாள் என்ற கணக்கு, மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை (பிளாஸ்டிக் சர்ஜரி) மருத்துவர் 1960-இல் எழுதியதிலிருந்து பரவியது. அறுவைக்குப் பின் மாறிய தம் முகத்துக்கு நோயாளிகள் பழக ஏறத்தாழ 21 நாட்களாவது பிடிக்கிறது என்று அவர் கவனித்துச் சொன்னது, வாய்க்கு வாய் மாறி எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்ந்தோரும் 96 பேரிடம், காலை உணவுக்குப் பின் என்பது போல ஒரே சந்தர்ப்பத்தில் நாள்தோறும் ஒரு சிறு செயலைச் செய்யச் சொல்லி 84 நாட்கள் கவனித்தார்கள். 2010-இல் அச்சான அந்த ஆய்வின்படி, செயல் தானாக நிகழும் நிலையை எட்ட ஆகும் காலம் ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை வேறுபடும் என்று, கவனித்த நாட்களின் போக்கை வைத்துக் கணித்தார்கள். நடு அளவு 66 நாட்கள். இந்த எண்களை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வில் இடையே ஒரு நாள் தவறியது பழக்கம் படிவதைக் குறிப்பிடும்படியாகப் பாதிக்கவில்லை என்ற முடிவும் இருக்கிறது. அதைச் சொல்வோர் குறைவு.

உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே இந்த முடிவின் பொருட்டுத்தான். சில வாரங்களாக ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை மறுபடியும் வாசித்துவருகிறேன். 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி, புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பு, 1761 ஜனவரியில் தாம் இறக்கும் காலம் வரை ஏறத்தாழ 24 ஆண்டுகள் எழுதிவந்தவர் அவர். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகருமாக, பெரும் செல்வாக்கோடு இருந்த காலமும், அந்தச் செல்வாக்கு சரிந்து நோயும் சேர்ந்துகொண்ட காலமும் அதில் இருக்கின்றன. இன்று நமக்குக் கிடைக்கும் ஏடுகளில் இடைவெளிகளும் உண்டு. இந்த முறை வாசிப்பில் என்னை நிறுத்தியது, இடைவெளிக்குப் பிறகு வரும் பதிவு. மற்றப் பதிவுகளைப் போலவே வருஷம், மாதம், தேதி, கிழமை என்று தொடங்கி, கப்பல் வந்ததையும் துரை கூப்பிட்டனுப்பியதையும் சரக்கு விலையையும் அது சொல்லிக்கொண்டு போகிறது. விட்டுப்போன நாட்கள் இருந்தும், 18-ஆம் நூற்றாண்டுப் புதுச்சேரியை அறிய அந்த நாட்குறிப்பைவிட நெருக்கமான தமிழ்ச் சான்று நமக்கு இல்லை.

உங்கள் துன்பத்தின் வேர், பழக்கத்தை விரதத்தின் சட்டத்தால் ஆண்டதில் இருக்கிறது. நண்பர் மண்டலக் கணக்கைச் சொன்னபோதே அந்தக் குழப்பம் தொடங்கிவிட்டது. சபரிமலைக்கு மாலை போட்டவர் 41 நாட்கள் நியமம் தவறாமல் இருக்கிறார் என்றால், மலைக்குப் போய்வந்ததும் மாலையைக் கழற்றிவிடலாம் என்பதும் அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. முடிவு கண்ணுக்குத் தெரிவதால்தான் அத்தனை கண்டிப்பை மனிதரால் தாங்க முடிகிறது. அங்கேயும் இடையில் நெருங்கிய உறவில் சாவு நேர்ந்தால் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அடுத்த ஆண்டு போகலாம் என்று விடுகிறார்கள். நடைப்பயிற்சிக்கும் நாட்குறிப்புக்கும் முடிவு நாள் கிடையாது. சாகும்வரை செய்ய வேண்டிய ஒன்றுக்குள் காய்ச்சலும் சாவும் கல்யாணமும் வெளியூர்ப் பயணமும் வந்தே தீரும் என்பதால், அவை வரும்போது எப்படி நிறுத்துவது, எப்படித் திரும்புவது என்ற விதிகளையும் சேர்த்தே அதை அமைக்க வேண்டும்.

நம் வீடுகளுக்கு இது தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமமொன்றில் வாழ்ந்த என் பெரியம்மா, விடிவதற்கு முன் சாணம் தெளித்துக் கோலம் போடாமல் அடுப்படிக்குப் போனதில்லை. அவருடைய மாமியார் இறந்தபோது, பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அந்த வாசலில் கோலம் இல்லை. தெருவே அதைப் பார்த்தது. யாரும் அதைச் சோம்பல் என்று எண்ணவில்லை. அந்த வெறும் வாசலைப் பார்த்தே, விவரம் அறியாமல் வந்தவர்களுக்கும் துக்க வீடு என்று தெரிந்தது. கருமாதி முடிந்த மறுநாள் காலையில் பெரியம்மா சிறிய புள்ளிக் கோலம் ஒன்று போட்டார். விட்ட நாட்களுக்கெல்லாம் சேர்த்துப் பெரிய கோலம் போட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை, அப்படி யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. அவர் அதன்பிறகும் பல ஆண்டுகள் போட்டார். நோன்பு வைக்கும் இஸ்லாமியக் குடும்பங்களில் பாருங்கள்: நோயாளியும் பயணியும் ரமலான் நோன்பை விடலாம், விட்டதைப் பிறகு வேறு நாட்களில் களா நோன்பாக நோற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒன்றில் விட்டது கணக்கில் வராது, மற்றொன்றில் கணக்கில் வந்து பின்னால் ஈடுசெய்யப்படுகிறது. விட்டவருக்குத் திரும்பி வரும் வழி இரண்டிலும் திறந்தே இருக்கிறது. நூற்றாண்டுகளாக நிலைத்த நியமங்கள் இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, உங்கள் மகள் காய்ச்சலில் கிடப்பதை அறிய முடியாத ஒரு செயலி பூஜ்யம் என்று காட்டியதும் நீங்கள் அதன் முன் தலைகுனிந்து நின்றீர்கள்!

33 நாட்கள் உங்களுக்குள் படிந்தது அந்தப் பூஜ்யத்தால் அழியவில்லை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை பேனாவைத் தேடுகிறது என்றால், அந்தச் சந்தர்ப்பத்துக்கும் அந்தச் செயலுக்கும் இடையே விழுந்த முடிச்சு இன்னும் இருக்கிறது. அதைத் தளர்த்தியது நீங்கள் விட்ட மூன்று நாட்கள் அல்ல, அதன்பிறகு வேண்டுமென்றே விட்ட நாட்கள். குடியை நிறுத்தியவர்கள் மறுபடியும் அதில் விழுவது ஏன் என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட், முதல் சறுக்கலைவிட அதன்பின் மனத்தில் எழும் ‘எல்லாம் போயிற்று, நான் இப்படிப்பட்டவன்தான்’ என்ற தீர்ப்பை ஆபத்தானதாகக் கண்டார். சறுக்கல் நேரும் என்று முன்கூட்டியே எதிர்பார்த்து, அப்போது என்ன செய்வது என்பதைத் தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே முடிவு செய்துவைக்கச் சொன்னார். நீங்கள் உங்கள் மீது எழுதிய தீர்ப்பும் அதே தீர்ப்புதான். அதைக் கிழித்துப் போடுங்கள், தம்பி.

ஐந்தையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். நாட்குறிப்பை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி அச்சடித்த டைரியில் விட்டுப்போன நாட்கள் வெற்றுப் பக்கங்களாக நின்று உங்களைத் துன்புறுத்தும். எனவே கோடு போட்ட சாதாரண நோட்டு ஒன்று வாங்கி, எழுதும் நாளில் தேதியை நீங்களே இடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் எழுதுங்கள். முடியாத நாளில் ஒரு வரி போதும், அதுவும் முடியாவிட்டால் அடுத்த நாளின் தேதியிலிருந்து தொடருங்கள். நடைப்பயிற்சியைப் பிறகு சேர்க்கும்போது, ஐப்பசி மழையில் வெளியே போக முடியாத நாட்களில் என்ன செய்வீர்கள் என்பதையும், மழை விட்டபின் எந்த நாளில் மறுபடி கிளம்புவீர்கள் என்பதையும் அந்த நோட்டிலேயே முதலில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.