கால்பந்தாட்டத்தில் உதவி முகாமையாளரின் வேலை என்ன? முன்னாள் வீரர்கள் ஏன் அதற்கு வருகிறார்கள்?

உதவி முகாமையாளர் என்பவர், முகாமையாளர் வகுக்கும் ஆட்டத்திட்டத்தை அன்றாடப் பயிற்சியாக மாற்றி, வீரர்களின் மனக்குறைகளை அவரிடம் கொண்டுசேர்ப்பவர். அணித்தெரிவின் இறுதி முடிவு முகாமையாளருடையது. ஆகவே மாற்று இருக்கையில் அமர்த்தப்பட்ட வீரர் அவரிடம் மனந்திறக்கத் தயங்குவார், உதவியாளரிடம் தயங்கமாட்டார். அந்த இருக்கையில் தானும் அமர்ந்திருந்த முன்னாள் வீரருக்கு இவ்வேலை பொருந்துவது இதனாலேயே.

புறக்கோட்டையிலிருந்து காலி வீதியால் செல்லும் தனியார் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். சாரதியின் கண் வீதியில் இருக்கும். வெள்ளவத்தையில் இறங்கவேண்டிய மூதாட்டி இன்னும் எழவில்லை என்பதைக் கண்டு, தகரத்தில் தட்டி வண்டியை நிறுத்தவைப்பவர் நடத்துநரே.

ஆனாலும் நன்றாக ஆடத் தெரிவது வேறு, ஆடக் கற்பிப்பது வேறு. லண்டனின் ஆர்சனல் கழகத்தின் பின்கள வீரரான பாட் ரைஸ், 1979இல் அணித்தலைவராக இங்கிலாந்துக் கழகங்களுக்கான எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றவர். 1984இல் ஓய்வுபெற்றதும் அவர் அங்கே இளையோர் அணியின் பயிற்றுநராகிப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்தார். அவருடைய வாழ்வில் அதிகம் பேசப்படாத, ஆனால் என் பார்வையில் மிக முக்கியமான பகுதி அதுதான். 1996இல் கழகத்தின் புதிய முகாமையாளர் ஆர்சன் வெங்கரின் உதவியாளராகி, 2012 வரை நீடித்தார். இடையில் கழகம் மூன்று முறை லீக் பட்டம் வென்றது.

உதவி முகாமையாளர் என்றாலே தலைமைப் பதவி கிடைக்காதவர் என்று பலர் எண்ணுகிறார்கள். அதையே தம் முழுநேரத் தொழிலாக விரும்பித் தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள்.