பெண்கள் கற்சிற்பம் கற்க முடியுமா? உடல் வலு நிறைய வேண்டுமா?

தாராளமாக முடியும். கர்நாடகத்தின் டி. நரசிபுரத்தில் பிறந்த கனகா மூர்த்தி (1942–2021), சிற்பி தேவலகுந்த வாதிராஜிடம் மரபுச் சிற்பம் பயின்று, சிற்பக் கலைக்கான கர்நாடக அரசின் ஜகணாச்சாரி விருதைப் பெற்ற முதல் பெண்ணானார். தமிழ்நாட்டில் மாமல்லபுரம் அரசுக் கல்லூரியில் கற்சிற்பம் 4 ஆண்டுப் பட்டப் படிப்பாகவே இருக்கிறது.

வலுவைப் பற்றி: ஒரு கன அடி கருங்கல்லே சுமார் 75 கிலோ. அதை எந்த ஆணும் தனியாகப் புரட்டுவதில்லை. கடப்பாரையும், சங்கிலி இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கும் இருக்கின்றன. உளி வேலைக்குக் கை பழகியிருந்தால் போதும்.

முதலில் வருவது உளியல்ல, பென்சில். முதலில் உருவத்தை அளவோடு வரையப் பழக வேண்டும். அம்மன் உருவத்துக்குச் சிற்ப மரபு சொல்லும் அளவு மத்திம தசதாளம், அதாவது உயரம் 120 அங்குலம். இந்த அங்குலம் ஸ்கேலில் இருப்பதல்ல, சிலையின் பங்கு. கிரீடம் நீங்கலாக 3 அடி அம்மன் என்றால் ஒரு பங்கு ஏறக்குறைய 7.6 மி.மீ. கல்லில் நடுக்கோடு போட்டு, அதிலிருந்து இருபுறமும் அளப்பார்கள். ஒரு படலம் கொத்தினால் கோடும் போய்விடும். சோம்பல் படாமல் திரும்பப் போட வேண்டும். முகம் கோணுவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது அடி. உளியைச் சாய்த்துப் பிடித்தால் சில்லு தெறிக்கும். செங்குத்தாக ஓங்கி அடித்தால் உள்ளே கல் நசுங்கி வெள்ளைப் புள்ளி விழும். அப்போது தெரியாது, பாலீஷ் போடும்போது பல்லிளிக்கும். அதனால் கடைசிப் படலத்தில் மெல்லத் தட்டுவதுதான் முறை. விரல், ஆயுதம் போன்ற மெல்லிய இடங்களைப் பின்கல்லோடு ஒட்டியே விட்டுக் கடைசியில் குடைய வேண்டும். கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது.

உளி காய்ச்சவும் கற்றுக்கொள்ளுங்கள். காய்ச்சிய முனையைத் தண்ணீரில் முக்கிக் கடினமாக்குவதுதான் தோய்ச்சல். அது கூடினால் முனை ஒடியும், குறைந்தால் மழுங்கும். மிகக் கடினமான கார்பைடு முனை வைத்த உளி வாங்கினால் உலை வேலை மிச்சம். பழகச் சேரும்போது, பாலீஷ் மட்டும் போடச் சொல்லும் பட்டறையில் காலம் கழிக்காதீர்கள். அங்கே உளி கைக்கு வராது.

கிரைண்டர் ஓட்டும்போது தண்ணீர் ஊற்றி அறுப்பதும், என்95 முகக்கவசமும் கட்டாயம். துப்பட்டாவை மூக்கில் சுற்றிக்கொண்டால் மட்டும் கல்தூசியில் உள்ள நுண்ணிய சிலிக்கா பொடி தடுக்கப்படாது. அது நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் அதைக் குணப்படுத்த மருந்தில்லை.