பீரோவைத் திறந்து வையுங்கள் டீச்சர்

அன்புள்ள ஐயா,

வணக்கம். தேன்கனிக்கோட்டைக்குப் பக்கத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். நூலகப் பொறுப்பும் என்னிடம்தான். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு வாரம் ஒரு பாடவேளை நூலகம். படித்த புத்தகத்துக்கு ஒரு பக்கம் சுருக்கம் எழுதிவரச் சொல்கிறேன். நன்றாக எழுதுபவர்களுக்குப் பிரேயரில் பரிசு. ஆரம்பத்தில் ஆர்வமாக எடுத்தார்கள். இப்போது பின்னட்டையைப் பார்த்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு அல்லது கன்னடம். தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். பீரோ சாவி தலைமையாசிரியரிடம் இருக்கிறது. புத்தகம் தொலைந்தால் தணிக்கையில் யார் பதில் சொல்வது என்று அவருக்குக் கவலை. இந்த வயசுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கிற மாதிரி பத்துப் புத்தகம் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

பட்டியல் தரப்போவதில்லை, கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் பத்துப் புத்தகம் சொன்னால் அவையும் அந்தப் பீரோவுக்குள்தான் போய் உட்காரும்.

முதலில் அந்தச் சுருக்கத்தை நிறுத்துங்கள். பரிசையும்தான். புத்தகத்தைக் கையில் எடுக்கும்போதே "முடிச்சதும் எழுதணும்" என்ற நினைப்பு வந்துவிட்டால் அது வீட்டுப்பாடம். மெல்லிசான புத்தகமாகத் தேடுவார்கள், பின்னட்டையில் கதை இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்த வயதில் நீங்களும் நானும் அதையேதான் செய்திருப்போம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம், படித்ததையே மறுபடியும் படிக்கலாம், வெறுமனே படம் பார்க்கலாம் என்று வகுப்பில் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொன்னால்தான் தெரியும். பள்ளியில் வேறு எதையும் பாதியில் விட அவர்களுக்கு அனுமதி இருந்ததில்லை.

அடுத்தது சாவி. எஸ்.ஆர். ரங்கநாதன் சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் நூலகப் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்து வைத்திருந்ததை எடுத்துக்காட்டித்தான் அந்த விதியை விளக்குகிறார். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர். அதற்கு அவர் சொல்லும் முக்கியமான வழி, வாசகர்கள் தாங்களே போய் எடுக்கும்படி அலமாரியைத் திறந்து வைப்பது. நம் பள்ளிகளில் சங்கிலிக்குப் பதில் கோத்ரெஜ் பூட்டு.

உங்கள் தலைமையாசிரியரைக் குறை சொல்ல மாட்டேன். இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் அந்தப் பயம் தெரியும். அதனால் பதிவேட்டுக்கு வெளியே தொடங்குங்கள். பழைய மாணவர்கள், ஊர்க்காரர்கள் தரும் பழைய புத்தகங்கள், சிறுவர் இதழ்கள், கூடவே பள்ளிக் கல்வித் துறையிலிருந்து வந்து உங்களிடம் சேர்ந்திருக்கும் பழைய 'தேன்சிட்டு' இதழ்கள், எல்லாவற்றையும் வகுப்புக்கு வெளியே தாழ்வாரத்தில் வையுங்கள். பெட்டிக்கடையில் வார இதழ்களைத் தொங்கவிடுவது போல ஒரு கயிறு கட்டி, துணி கிளிப் போட்டு, அட்டை தெரிகிற மாதிரி மாட்டுங்கள். பீரோவில் இருப்பவற்றுக்கோ முதுகில் எண் ஒட்டி, காக்கி அட்டை போட்டிருப்பார்கள். எந்தப் பிள்ளை அதை ஆசையாக எடுக்கும்? யார் எடுத்தார்கள் என்பதை ஒரு நாற்பது பக்க நோட்டில் பிள்ளைகளே எழுதிக்கொள்ளட்டும். சில புத்தகங்கள் திரும்பி வராது. ஏதோ ஒரு வீட்டில் அவை இருக்கின்றன என்று எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நாள் போனதும் தலைமையாசிரியரை அந்த நோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் சாவியைக் கேளுங்கள்.

எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள் என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றுக்கு ஒருமுறை போயிருந்தேன். கூட்டம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு, ஒரு பையன் சுவரோரம் நின்று பாம்புகளைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தான். வரிக்குக் கீழே விரல், உதடு அசைகிறது. இரண்டு வரி தமிழில் படிப்பான், பக்கத்தில் நிற்கிற நண்பனுக்கு அதைத் தெலுங்கில் சொல்வான். நண்பன் "இல்லைடா" என்பது போலத் தலையாட்டுவான். உடனே இவன் படத்தில் விரலை வைத்து ஏதோ வாதாடுவான். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று யாரோ கத்தும்வரை இது நடந்தது. வேகம் இல்லை, உச்சரிப்பும் சுமார்தான். ஆனால் அவனை யாரும் படிக்கச் சொல்லவில்லை. நாம் ஆசைப்படுவது இதற்குத்தானே டீச்சர்?

அதனால் "நல்ல இலக்கியம்" என்று தொடங்க வேண்டாம். தளி, ஜவளகிரிக் காடுகளிலிருந்து ராகி அறுவடை சமயத்தில் யானைகள் வயலுக்கு வருவதைப் பார்த்து வளர்கிற பிள்ளைகள் அவர்கள். யானையைப் பற்றி ஒரு புத்தகம் கிடைத்தால் அதில் இருப்பது சரியா தவறா என்று சொல்லவே படிப்பார்கள். பைக், கிரிக்கெட், பேய்க்கதை, துப்பறியும் கதை, எது கேட்டாலும் கிடைக்கட்டும். தெலுங்கு, கன்னடப் புத்தகங்களும் கொஞ்சம் சேருங்கள். ஓசூர்ப் பக்கம் அந்த மொழிவழிப் பள்ளிகளே இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்கள் பள்ளிக்கு வந்திருந்தால் ஒரு விஷயம் கவனியுங்கள். எளிதானதிலிருந்து தொடங்கி நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் இருக்கும். நல்ல ஏற்பாடு. ஆனால் மீசை அரும்புகிற ஒன்பதாம் வகுப்புப் பையன் எல்லார் முன்னாலும் 'நுழை' வரிசையில் கை வைக்க மாட்டான், மானம் போகும். நான்கையும் கலந்து வையுங்கள். இல்லையென்றால் "ஆறாவது பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டணும், நல்லதா நாலு எடுத்து வை" என்று அவனிடமே பொறுப்பைக் கொடுங்கள். எடுத்து வைக்க வேண்டுமானால் அவனே எல்லாவற்றையும் படித்தாக வேண்டும்.

பத்தாவது போனதும் நூலகப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்ளும், அதோடு நீங்கள் சண்டை போட முடியாது. இப்போதைக்கு உங்கள் பாடவேளையில் கடைசிப் பத்து நிமிஷம் ஒரு கதையை வாசித்துக் காட்டுங்கள். சுவாரசியமான இடத்தில் மணியடித்தால் அங்கேயே நிறுத்தி, புத்தகத்தை மேசை மேல் விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

பள்ளி முகவரியை அனுப்புங்கள். என்னிடம் ஒரு பெட்டி நிறையப் பழைய சிறுவர் இதழ்களும் துப்பறியும் கதைகளும் இருக்கின்றன, பார்சலில் போடுகிறேன். பாம்புப் புத்தகமும் ஒன்று வாங்கிச் சேர்க்கிறேன். எதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.